சூடு ஆறாத வாட்ச்

ஸ்கேன் சென்டரில் அவருக்குப் பெயர் காந்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் வேலை பார்த்த எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருப்பது பெரிய காந்தம் என்பதால் வந்த பெயர் அது. மற்றபடி ஆளைப் பார்த்ததும் நாலு பேர் வந்து ஒட்டிக்கொள்ளும் அபாயமெல்லாம் இல்லை. ஐம்பதைத் தொட்ட வயது, முன்பக்க வழுக்கை, யாரோ எங்கிருந்தோ தன்னைத் திட்டப்போகிறார்கள் என்று எப்போதும் காத்திருப்பது போன்ற முகம்.

எந்திரத்துக்குள் இருக்கும் காந்தத்துக்கு லீவு கிடையாது. சென்டரைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் உள்ளே போகிறவர்கள் மோதிரம், பெல்ட், சில்லறை, ஹேர்பின் என்று உலோகம் எதையும் வைத்திருக்கக் கூடாது. வாட்ச் கூடவே கூடாது. சாவி கொடுக்கிற நல்ல வாட்ச் ஒன்று அந்த அறைக்குள் ஒருமுறை போய்விட்டு வந்தால், அதன் பிறகு அது காட்டுவதெல்லாம் அதன் இஷ்டம். "வாட்சைக் கழட்டுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவர் வேலையின் முதல் பாதி. இரண்டாவது பாதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எந்திரத்தை ஓட்டுவது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு வாட்ச் பைத்தியம். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, வாட்ச் கட்டவே கூடாத ஒரு வேலையில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார் கடவுள். அவருக்கும் பொழுது போக வேண்டாமா? காந்தம் காலையில் வெறுங்கையோடு வருவார், மாலையில் வெறுங்கையோடு போவார். கழற்றி மாட்டி எதற்கு வம்பு என்று சொந்தமாக ஒன்று வாங்கவும் இல்லை.

அப்படியானால் பைத்தியம் எப்படித் தீர்ந்தது? அதுதான் விஷயம். அடுத்தவர்கள் வாட்சைக் கட்டித் தீர்த்துக்கொண்டார்.

ஆரம்பம் யோக்கியமாகத்தான் இருந்தது. ஒரு பெண்மணி தன் வாட்சைத் தட்டில் போட மனமில்லாமல், "இது எங்க அம்மாவோடது, பத்திரமா பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பத்திரம் என்றால் எவ்வளவு பத்திரம் என்று யோசித்த காந்தம், அவரை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தியபின், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். அந்தப் பெண்மணி உள்ளே பயந்துபோய் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டபோது, மைக்கில் அவர் வாய்க்கு வந்தது இதுதான்: "உங்க வாட்ச்ல இப்போ மூணு அஞ்சும்மா. மூணு இருபத்தஞ்சுக்கு வெளிய வந்துடுவீங்க."

அந்த அம்மாள் அதற்குப் பிறகு அசையவில்லை.

குழாய்க்குள் படுத்திருக்கிறவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். தாங்க முடியாவிட்டால் அமுக்கலாம், வெளியே மணி அடிக்கும், எந்திரத்தை நிறுத்தி ஆளை வெளியே இழுத்துவிடுவார்கள். மற்ற டெக்னீஷியன்கள் உட்காரும்போது அந்த மணி கோயில் மணி போல அடித்தது. காந்தம் உட்காரும்போது அபூர்வமாகத்தான் அடித்தது. சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்தும் மணி சொல்லலாம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரியின் மணி. உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தத்துக்கு நடுவே படுத்திருப்பவருக்குத் தன் வாட்ச் வெளியே தனக்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் ஒரு தெம்பு வந்தது. ஏன் என்று காந்தம் ஆராயவில்லை. வருகிறவர்கள் வாட்சையெல்லாம் கட்டிக்கொள்ள ஒரு நல்ல காரணம் கிடைத்ததே, அது போதாதா?

வாட்சின் விலையெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது அதில் இருக்கும் சூடு. கழற்றிய கையோடு கொடுக்கும்போது பின்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். பட்டையில் ஒரு ஓட்டை மட்டும் நீண்டு தளர்ந்திருக்கும். சிலர் வேண்டுமென்றே வேகமாக வைத்திருப்பார்கள், சிலர் நின்றுபோனதைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆள் உள்ளே படுத்திருக்க, அவர் வாழ்க்கையில் ஒரு துண்டு காந்தத்தின் கையில் ஓடும். கதவைத் திறந்து உள்ளே போகுமுன் கழற்றித் தட்டில் வைத்துவிடுவார். ஒருநாளும் மறந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் தொழில்காரர்.

இது இப்படியே ஓடியிருக்கும். மகளுக்கு வேலை கிடைத்தது.

மகள் வேறு ஊரில் ஒரு சரக்கு அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அப்பாவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்திருக்கிறாள். அப்பாவுக்கு வாட்ச் பிடிக்கும், ஆனால் எந்த வாட்ச் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. அதனால் ‘மணிக்கட்டு மன்றம்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதில் சந்தா கட்டினால் மாதம் ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். பெட்டிக்குள் ஒரு வாட்ச், மாற்றிக் கட்ட ஒரு பட்டை, துடைக்க ஒரு துணி, அந்த வாட்சின் பெருமை சொல்லும் ஓர் அட்டை. கூடவே மன்றத்து ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு. ஒரு வருஷத்துக்கு மகள் கட்டிவிட்டாள்.

"ஏதாவது ஒண்ணு மனசுக்குப் பிடிச்சிரும்பா," என்றாள் போனில். "எனக்கு உங்களப் பத்தி ஒண்ணுமே தெரியலன்னு அப்பதான் தோணுச்சு. இதுலயாவது தெரிஞ்சுக்கறேன்."

பிடித்தே தீர வேண்டும் என்று காந்தம் அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டார். வினை அங்கேதான் ஆரம்பமானது.

முதல் பெட்டி வந்தது. கறுப்பு அட்டையில் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்து மூடிப் பார்த்தவர் திடுக்கிட்டார். மூடி ‘டப்’பென்று தானே போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே காந்தம்.

"வாட்ச் வைக்கிற பெட்டிக்கு எவனாவது காந்தம் வைப்பானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவிக்குத் துணி துவைக்கும் எந்திரக் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்கும் வேலை. பகல் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எந்தப் புகாருக்கும் அவள் வாயில் ஒரே பதில்தான் தயாராக இருக்கும். "உங்க சிரமம் எனக்குப் புரியுது," என்றாள் காய் நறுக்கிக்கொண்டே.

உள்ளே இருந்தது கடலுக்கடியில் முத்துக் குளிப்பவர்களுக்கான வாட்ச். இருநூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாது என்று அட்டை சொன்னது. குளியலறையில் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வதற்கே இரண்டு நிமிஷம் யோசிக்கிற மனிதர் அதைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தார். கை ஒரு பக்கமாக இழுத்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார். "நல்லா இருக்கும்மா" என்று எழுதினார்.

அடுத்த மாதம் விமானிகளின் வாட்ச். அகலமான கறுப்பு முகம், பெரிய பெரிய எண்கள், பழுப்புத் தோல் பட்டை. "மேகங்களுக்கு மேலே பறக்கும் உங்களுக்கு" என்று அட்டை ஆரம்பித்தது. காந்தம் வேலைக்குப் போவது பஸ்ஸில். "நல்லா இருக்கும்மா" என்று எழுதினார். மூன்றாவது மாதம் விருந்துகளில் சட்டைக் கைக்குள் ஒளியும்படி மெல்லிசாக ஒன்று வந்தது. அவர் அரைக்கைச் சட்டைக்காரர். அதுவும் நல்லாத்தான் இருந்தது.

மூன்றும் பீரோவுக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார், துடைப்பார், கட்டிப் பார்ப்பார். ஜில்லென்று இருக்கும். ஓட்டைகள் ஏழும் ஒரே மாதிரி புதுசாக இருக்கும். எவர் கையிலும் இருந்ததில்லை, எவருக்காகவும் காத்திருந்ததில்லை. தங்கமான பிள்ளை ஆசையாக அனுப்பியதைப் பிடிக்கவில்லையே என்று தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது. நன்றி கெட்ட ஜென்மம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

"மாசாமாசம் கரண்ட் பில் வந்தாக்கூட இதைவிட ஆர்வமா பாக்கறீங்க," என்றாள் மனைவி.

மன்றத்துக் குழு இன்னொரு தனி உலகம். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, ‘இன்று கையில்’ என்று போட்டு அவரவர் மணிக்கட்டைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். சிவந்த கை, ரோமக் கை, மெலிந்த கை. முகம் எதுவும் தெரியாது, பெயரும் கிடையாது, ஆளுக்கொரு பட்டப்பெயர்தான். ஒரு முள்ளின் வளைவைப் பற்றி மூன்று நாள் சண்டை போடுவார்கள். ஆனால் யாரும் யாரிடமும் மணி கேட்டுக் காந்தம் பார்த்ததில்லை. பெட்டி அனுப்பியவள் என்ற முறையில் மகளும் அதில் இருந்தாள். அப்பா எப்போது வாயைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திறக்கவில்லை.

மூன்றாவது பெட்டிக்குப் பிறகு ஒருநாள் போனில் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கப்பா. பிடிக்கலைன்னா நிறுத்திடறேன். நீங்க ‘நல்லா இருக்கும்மா’ன்னு எழுதறப்பல்லாம், டாக்டர் ‘ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க’ன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

"சேச்சே, அப்படில்லாம் இல்லம்மா," என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்த மௌனம் அவரை அன்றைக்குச் சாப்பிட விடவில்லை.

நான்காவது பெட்டி வரத் தாமதமானது. அந்தச் சமயத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஸ்கேனுக்கு வந்தார்.

கழுத்து வலி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மனிதர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் தனக்கென்று காலடியில் ஒரு பிரேக் வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தவர். குழாயைப் பார்த்ததும் வலது காலால் தரையை அழுத்தினார். வாட்சைக் கழற்றச் சொன்னபோது, கழுத்தைக் கழற்றச் சொன்னது போல முறைத்தார். "தட்டுல வைங்க. தட்டுலயே இருக்கட்டும்," என்றார்.

பழைய ஸ்டீல் வாட்ச். கண்ணாடியின் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல். பட்டை அறுந்து, பச்சை நூலால் கையாலேயே தைத்திருந்தது. எட்டு நிமிஷம் வேகமாக ஓடியது. கதவைச் சாத்திவிட்டு வந்த காந்தம் அதைத் தட்டிலேயே விட முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அரை நிமிஷம் முயற்சி செய்தார்.

அது கையில் ஏறியதும் மனிதருக்கு எங்கேயோ வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. வாத்தியார் உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "உங்க வாட்ச்ல இப்போ நாலு பத்து சார். நாலரைக்கு வெளிய வந்துடுவீங்க," என்றார் காந்தம். மூச்சு அடங்கியது. எந்திரம் இடிக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, இன்னைக்கு கையில என்ன?"

வேறொருவராக இருந்தால் டியூட்டியில் இருக்கிறேன் என்று எழுதியிருப்பார். அவளுடைய அந்த மௌனம் இன்னும் இவர் காதில் இருந்தது. கையைத் தூக்கினார், படம் எடுத்தார், அனுப்பினார்.

"நாலாவது பெட்டி வந்துடுச்சா? பிடிச்சிருக்கா?"

"ரொம்ப" என்று எழுதினார். பெட்டிகள் வர ஆரம்பித்த பிறகு அவர் மகளுக்கு எழுதிய முதல் உண்மை அதுதான். அது வந்து உட்கார்ந்த இடம் மட்டும் ஒரு பொய்யின் மேல்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே குழுவில் போட்டாள். "எங்கப்பா கை. நாலாவது மாசம். முதல் தடவையா அவருக்குப் பிடிச்சிருக்கு."

அன்று சாயங்காலம் குழுவே கூடிப் பாராட்டியது. பழமை, கம்பீரம், உழைப்பின் அழகு என்றெல்லாம் புகழ்ந்தார்கள். அப்புறம் ஒருவருக்கு மூக்கு வியர்த்தது. மன்றம் இந்த மாதிரி வாட்சை அனுப்புவதே இல்லையே என்றார். இன்னொருவர் விரிசலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, புதுப் பொருளில் இது எப்படி என்று கேட்டார். ‘பச்சை நூல்’ என்ற பட்டப்பெயரில் ஒருவர் அதுவரை வாயே திறக்காமல் இருந்தார். வீட்டுக்குப் போய்க் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்து போனைப் பார்த்திருக்கிறார்.

"இது என் வாட்ச். இப்போ என் கையில இருக்கு. அது யார் கை?" என்று எழுதினார்.

அந்தக் கேள்வியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டை கம்பெனிப் பட்டையா, மாற்றியதா என்று விவாதம் சூடு பிடித்துவிட்டது. விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். யாரோ ஒரு புண்ணியவான் மட்டும், படத்தின் பின்னால் கண்ணாடி வழியாக வட்டமாகத் தெரிவது ஸ்கேன் எந்திரம் மாதிரி இருக்கிறதே என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

காந்தம் போனை மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்கு மன்னிப்பு மட்டும் கேளுங்க," என்று மனைவி தொழில் முறையில் எச்சரித்தாள். "விளக்கம் சொல்லாதீங்க. விளக்கம் சொல்ற ஆளைத்தான் எங்க ஆபீஸ்ல மறுபடி மறுபடி கூப்பிட்டுத் திட்டுவாங்க."

காந்தம் மறுநாள் மேனேஜர் அறையில் போய் நின்று, முதல் வாக்கியத்திலிருந்தே விளக்கம் சொன்னார். அந்தப் பெண்மணி, அவர் அம்மாவின் வாட்ச், பத்திரம், மைக், எல்லாம். மேனேஜர் எதற்கெடுத்தாலும் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர். கேட்கும்போதே அடுத்த நோட்டீஸை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியார் புகார் கொடுக்க நேரிலேயே வந்திருந்தார். அவருக்கு வேறு இரண்டு சந்தேகங்கள் இருந்தன.

"சாவி கொடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"என் பையனைக்கூட நான் கொடுக்க விடறதில்ல. நேரத்தைத் திருத்தினீங்களா?"

"இல்லைங்க. எட்டு நிமிஷம் வேகமா வச்சிருந்தீங்க. அது உங்க கணக்கு. அப்படியே விட்டுட்டேன்."

வாத்தியார் முகத்தில் ஏதோ ஓடியது. ஊருக்கெல்லாம் நிதானத்தைப் போதிக்கிறவர் தன் வாட்சைத் தானே ஏமாற்றி ஓட வைத்திருக்கிறார் என்பது அதுவரை அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். "அடுத்தவன் வாட்சைக் கட்றது அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கற மாதிரி," என்று உறுமிவிட்டு எழுந்து போனார்.

காந்தத்துக்கு வேலை போகவில்லை. வேலையில் பாதி மட்டும் போனது. எந்திரத்தின் முன்னால் இனி உட்காரக் கூடாது. உடைமாற்றும் அறை வாசலில் நின்று, கழற்றச் சொல்கிற பாதி மிச்சம். தட்டுகள் போய்ப் பூட்டுப் போட்ட பெட்டிகள் வந்தன. சாவி, நோயாளியோடு வந்தவர் கையில் இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. எந்திரத்தின் முன்னால் இளைய டெக்னீஷியன் ஒரு பெண் உட்கார்ந்தாள். கெட்டிக்காரி, வேலை சுத்தம். ரப்பர் பந்தின் மணி மட்டும் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மணிக்கும் காந்தத்தின் உடம்பு வாசலில் நின்றபடியே ஒருமுறை குலுங்கும்.

அதையாவது தாங்கிக்கொண்டிருப்பார். அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள்.

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பீரோவைத் திறந்து மூன்று பெட்டிகளையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ‘டப்’, ‘டப்’, ‘டப்’பென்று திறந்தாள். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூன்றிலும் அப்படியே இருந்தது.

"நான் அனுப்பினதுல ஒண்ணுகூட உங்களுக்குப் பிடிக்கல. யாரோ ஒருத்தரோட ஓட்டை வாட்ச் பிடிச்சிருக்கு."

"பிடிக்காம இல்லம்மா. அது... இதெல்லாம் யாரோடதும் இல்லையேன்னு..."

"உங்களோடதுப்பா."

"அதான்," என்றார் அவர்.

அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கும் அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. குழுவில் அத்தனை பேர் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டார் என்று ஒரு பாட்டம் அழுதாள். அவரைத் தெரிந்துகொள்ளத்தான் எல்லாம் செய்தேன், இப்போது முன்னைவிடத் தெரியவில்லை என்றாள். காந்தம் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை அழுவதைக் குழாய்க்குள் இருந்துகொண்டு கேட்பது போல இருந்தது. அமுக்குவதற்கு ஒரு பந்துகூட இல்லை.

"மன்றத்தை நிறுத்தியாச்சு," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. பிறகு விமானி வாட்சை எடுத்தாள். அவள் கைக்கு அது தட்டு மாதிரி இருந்தது. அம்மாவின் கத்தரிக்கோல் முனையால் பட்டையில் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அப்ப இது என்னோடது," என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு போன் அம்மாவுக்கு மட்டும்தான் வந்தது.

வாத்தியார் மறுபடி வந்தார். முதல் படங்களைப் பார்த்த டாக்டர், மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்கச் சொல்லியிருந்தார். இந்த முறை மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் காந்தத்தைப் பார்த்தும் பார்க்காதது போல வாட்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மணி அடித்தது. வெளியே இழுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனார். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை பாதி உடம்பு உள்ளே போவதற்குள் அடித்துவிட்டது. நனைந்த முதுகோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கக் காந்தத்துக்கே சங்கடமாக இருந்தது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர் வந்துவிட்டார்.

"போன தடவை நல்லாத்தானே இருந்தீங்க?"

"போன தடவை ஒருத்தர் மணி சொல்லிட்டே இருந்தார்," என்றார் வாத்தியார்.

"நானும் சொன்னேனே சார்," என்றாள் இளைய டெக்னீஷியன். "சுவர்க் கடிகாரம் பாத்துச் சொன்னேன்."

"அது யாரோட மணி? எனக்கென்ன தெரியும் அதைப் பத்தி?" என்று எரிந்து விழுந்தவர் பாதியில் நிறுத்தினார். என் வாட்சில் மணி சொல்ல வேண்டுமானால் என் வாட்ச் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற காந்தத்தைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"சாவியைப் போட்டுத் திற. அதை எடுத்து அவர்கிட்ட கொடு."

"எதை? வாட்சையா?" அந்த அம்மாள் நம்பவில்லை. "என்னைத் தூசி தட்டக்கூட விட்டதில்ல நீங்க."

மேனேஜர் நோட்டீஸைக் காட்டினார். "புகார் கொடுத்ததே நான்தான். நானே சொல்றேன், கட்டச் சொல்லுங்க," என்றார் வாத்தியார். மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார். தான் எதையும் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

காந்தம் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சை நூல் தைத்த பட்டையைக் கட்டிக்கொண்டார். மைக்கை அமுக்கினார். "உங்க வாட்ச்ல இப்போ பதினொண்ணு இருபது சார். ஐம்பதுக்கு வெளிய வந்துடுவீங்க. எட்டு நிமிஷத்தைக் கழிக்கல, உங்க கணக்குலயே சொல்றேன்."

ஸ்பீக்கரில் ஒரு சின்ன உறுமல் வந்தது. மணி அடிக்கவில்லை.

வெளியே வந்த வாத்தியார் நன்றி எதுவும் சொல்லவில்லை. வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "சூடா இருக்கு," என்றார், பஸ்ஸில் இன்னொருவர் எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி. அன்றைக்குக் குழுவில் மட்டும் ஒரு வரி எழுதினார்: "அந்தக் கை எனக்குத் தெரிந்த கைதான். பிரச்சினை முடிந்தது." பட்டை கம்பெனிப் பட்டைதானா என்று மறுபடி கேட்டார்கள். மேனேஜர் பழைய நோட்டீஸைக் கிழிக்காமல், விரும்புகிறவர்கள் வாட்சை டெக்னீஷியனிடம் தரலாம் என்று அதன் கீழேயே இன்னொன்று ஒட்டினார். காந்தம் நாற்காலிக்குத் திரும்பினார்.

ஆனால் வீட்டுக்குப் போன் வரும்போது அது அம்மாவுக்குத்தான் வந்தது. "அப்பாவைக் கேட்டதா சொல்லு" என்பதோடு முடிந்தது. அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பல மாதம் கழித்து இரண்டு நாள் விடுமுறையில் மகள் வந்தாள். கோபம் ஆறி, வெறும் மரியாதை மிச்சமிருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "சாப்பிட்டீங்களாப்பா", "பிரஷர் மாத்திரை இருக்கா" என்று வெளியாள் மாதிரி விசாரித்தாள். கையில் அந்த விமானி வாட்ச் இருந்தது. சரக்கு அலுவலகத்து இரும்புக் கதவில் இடித்து ஓரத்தில் கோடு விழுந்திருந்தது. கறுத்துப் போன பட்டையில் அவள் போட்ட ஓட்டை நீண்டு தளர்ந்திருந்தது. காந்தம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தால் வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பிப் போகிற நாள் காலையில் தலைக்குக் குளிக்கப் போனவள், வாட்சைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்தியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

காந்தம் மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க சிரமம் எனக்குப் புரியுது," என்றாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

எடுத்தார். பின்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் போட்ட ஓட்டை அவர் கைக்கு இறுக்கமாக இருந்தது, அதற்கு அடுத்ததில் கட்டினார். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வேகமாக ஓடியது. வேண்டுமென்றே வைத்திருக்கிறாள். பஸ்ஸைப் பலமுறை தவறவிட்டிருக்கிறாள் போல, பிள்ளை அங்கே தனியாக ஓடி ஓடித் தவித்திருக்கிறாள் போல. இதெல்லாம் அவள் போனில் சொன்னதே இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மகள் தலையில் துண்டோடு எதிரே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். காந்தம் இரண்டாவது முறையாகக் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"அப்பா, அது என்னோடது."

"தெரியும்மா," என்றார். "பத்திரமா இருக்கட்டும்னு..."

அவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள். ஒரு பக்கம் துவட்டிவிட்டு நிறுத்தினாள். அவளுக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"மணி என்னப்பா?"

காந்தம் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"உன் வாட்ச்ல ஏழு பத்தும்மா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, பயப்படாத."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாட்சைத் திருப்பிக் கேட்கவில்லை.